காலையில் 390 காட்டுகிறது, மூன்று யூனிட்டாக ஏற்றலாமா?

ஜூன் 4, மாலை 7.10 (கேள்வி)

மிட்டு என்னும் என் கடுவன் பூனைக்கு வயது 10, எடை 5.2 கிலோ. நீரிழிவு என்று உறுதியானதும் மருத்துவர் கிளார்ஜின் இன்சுலினை 12 மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு யூனிட் போடச் சொன்னார். முதல் நான்கு நாட்களும் காலை ஊசிக்கு முன் சர்க்கரை 310க்கும் 330க்கும் இடையிலேயே நின்றதால், ஐந்தாம் நாள் நானே இரண்டு யூனிட்டாக ஏற்றினேன். இன்று எட்டாம் நாள், காலையில் 390. மருந்து போதவில்லை என்றுதான் இதற்குப் பொருள் என நினைக்கிறேன். நாளை முதல் மூன்று யூனிட் போடலாமா?

ஜூன் 4, இரவு 9.25

போடாதீர்கள். மூன்று யூனிட் வேண்டாம். இரண்டிலும் தொடர வேண்டாம். காலையில் மருத்துவரை அழைத்து, நீங்களாக ஏற்றியதைச் சொல்லி, ஒரு யூனிட்டுக்குத் திரும்பலாமா என்று கேளுங்கள்.

ஊசிக்கு முன் எடுக்கும் அளவு, முந்தைய ஊசியின் வேலை முடியும் தறுவாயில் எடுக்கும் அளவு. அது பன்னிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை எட்டும் உச்சத்துக்கு அருகில் இருக்கும். அந்த ஊசி சர்க்கரையை எவ்வளவு ஆழத்துக்கு இறக்கியது என்பதை அது சொல்லாது. இன்சுலினை ஏற்றுவதா இறக்குவதா என்பதை அந்தத் தாழ்வைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். கிளார்ஜினில் அது பெரும்பாலும் ஆறு மணி நேரத்தில் வரும். காலை 7 மணிக்கு ஊசி போட்டால் பகல் 1 மணிக்கு ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பாருங்கள். அந்த ஓர் எண் தெரியாமல் டோஸில் கை வைப்பது, ஆழம் தெரியாமல் காலை விடுவதற்குச் சமம்.

இரண்டாவது காரணம், கிளார்ஜின் ஒரே நாளில் நிலைகொள்ளும் மருந்தல்ல. ஒரு டோஸின் முழுப் பலன் தெரிய ஐந்து முதல் ஏழு நாட்கள் ஆகும். நான்கே நாட்களில் நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் இதே தவற்றை இதே காரணத்துக்காக நானும் செய்தேன். அதன் விளைவைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 5, காலை 6.05

இரவு படுத்த பிறகுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி நினைவுக்கு வந்தது. நீங்கள் எந்தச் சிரிஞ்சு பயன்படுத்துகிறீர்கள்?

இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் வருகிறது. கிளார்ஜின் பொதுவாக யூ-100, அதாவது ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். விலங்குகளுக்கென்றே வரும் ப்ரோசிங்க், கேனின்சுலின் போன்றவை யூ-40, அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். சிரிஞ்சின் கோடுகளும் அந்தந்தச் செறிவுக்கு ஏற்பவே போடப்பட்டிருக்கும். யூ-100 இன்சுலினை யூ-40 சிரிஞ்சில் ஒரு கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். யூ-40 இன்சுலினை யூ-100 சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் போவது 0.4 யூனிட் மட்டுமே. முதலாவது தவறு பூனையின் உயிரை வாங்கும். இரண்டாவது தவற்றில் நோய் வாரக்கணக்கில் கட்டுப்படாமல் நீடிக்கும், வீட்டார் மருந்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சிரிஞ்சின் உடலிலும் உறையிலும் செறிவு அச்சிடப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு எழுதுங்கள். கிளார்ஜினுக்கு 0.3 மில்லிலிட்டர் கொள்ளளவும் அரை யூனிட் கோடுகளும் உள்ள யூ-100 சிரிஞ்சு கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பூனையின் டோஸில் அரை யூனிட் என்பது பெரிய அளவு.

கிளார்ஜினிலேயே ஒரு மில்லிலிட்டருக்கு 300 யூனிட் உள்ள டூஜியோ என்ற வகையும் உண்டு. புட்டியின் பெயரோடு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள்.

ஜூன் 5, மாலை 5.40

சிரிஞ்சு யூ-100 என்பதை அறிந்து நிம்மதியடைந்தேன். ஆனால் நீங்கள் அனுப்பிய பகல் அளவைக் கண்டதும் அந்த நிம்மதி போய்விட்டது. இன்று காலை ஊசிக்கு முன் 372, ஆறு மணி நேரம் கழித்து 61. இரண்டு யூனிட் அவனை 61 வரை இழுத்திருக்கிறது. இன்று மூன்று யூனிட் போட்டிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மருத்துவர் இன்றிரவே ஒரு யூனிட்டுக்குத் திரும்பச் சொன்னது சரியான முடிவு. சர்க்கரை இப்படி அதலபாதாளத்துக்கு இறங்கும்போது உடல் பயந்து, கல்லீரலில் சேர்த்து வைத்ததைக் கொட்டும். அதனால் அளவு எகிறும். காலையில் நீங்கள் பார்த்த 390 அந்த எதிர்வீச்சுதான்.

ஜூன் 6, காலை 7.30

நேற்று கடைசி வரியில் அளவுக்கு மீறிய உறுதியோடு எழுதிவிட்டேன். அதைத் திருத்த வேண்டும்.

தாழ்ந்த சர்க்கரையிலிருந்து உடல் எதிர்வீச்சாக மேலே போவதற்கு சமோகி விளைவு என்று பெயர். பூனைகளில் இது அடிக்கடி நடப்பதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. நானும் அப்படியே படித்தேன். கிளார்ஜின் பெறும் பூனைகளின் அளவுகளைத் தொடர்ந்து பதிவுசெய்து பார்த்தவர்கள், இது நினைத்ததைவிட அரிது என்றே சொல்கிறார்கள். மிட்டுவின் 390க்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஊசியின் பலன் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்பே தீர்ந்திருக்கலாம். காது குத்தும்போது அவன் மிரண்டிருக்கலாம். மிரட்சி மட்டுமே ஒரு பூனையின் சர்க்கரையை 300க்கு மேல் கொண்டுபோகக்கூடும். நீரிழிவே இல்லாத பூனைகூட மருத்துவமனை மேசையில் அந்த அளவைக் காட்டுவது இதனால்தான்.

காரணம் எதுவானாலும், 61ஐத் தொட்ட டோஸை ஏற்றக் கூடாது என்ற முடிவு மாறாது.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. தாழ்வு ஆறு மணி நேரத்தில் வரும் என்று எழுதினேன். நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் எப்போதும் வரலாம். ஒரே பூனையில்கூட நாளுக்கு நாள் மாறும். ஆகவே ஒரு முழு நாள் வீட்டிலிருந்து, ஊசிக்கு முன்னும் அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் அளவெடுத்து ஒரு கோட்டுப்படம் வரைவதே சரியான வழி. இதை இப்போது செய்ய வேண்டாம். ஒரு யூனிட்டில் ஏழு நாட்கள் கழியட்டும். அதுவரை தினமும் இரு ஊசிகளுக்கு முன்னும், நடுவில் ஒரு முறையும் பார்த்தால் போதும்.

ஜூன் 6, இரவு 10.15

காதில் இரத்தம் எடுப்பது போராட்டமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் கற்றுக்கொண்ட விதத்தை அப்படியே சொல்கிறேன்.

காதின் வெளி விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய நாளம் ஓடுகிறது. பின்னாலிருந்து சிறிய டார்ச் அடித்தால் செந்நூல் போலத் தெரியும். குத்த வேண்டிய இடம் அந்த நூல் அல்ல. நூலுக்கும் விளிம்புக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய பட்டை. நாளத்தையே குத்தினால் வலியும் அதிகம், கன்றிப்போவதும் அதிகம். காது குளிர்ந்திருந்தால் எத்தனை முறை குத்தினாலும் இரத்தம் வராது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுடாவிட்டால் அவன் காதில் அரை நிமிடம் வைக்கலாம். பிறகு காதை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் சொட்டோடு கலந்தால் அளவு பொய்யாகும்.

விளிம்பில் வாசலினை இருப்பது தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தடவினால், வரும் இரத்தம் மயிரில் பரவாமல் கடுகு போல உருண்டு நிற்கும். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விரலில் குத்திக்கொள்ள மாட்டீர்கள். ஸ்ட்ரிப்பின் நுனியைச் சொட்டின் மேல் அழுத்த வேண்டாம், பக்கவாட்டில் தொட்டாலே உறிஞ்சிக்கொள்ளும். முடிந்ததும் பத்து எண்ணும் வரை பஞ்சால் காதை அழுத்திப் பிடியுங்கள். இந்தப் பத்து வினாடியைத் தவிர்த்தால் மறுநாள் அந்த இடம் நீலமாகக் கன்றியிருக்கும். பிறகு அவன் அந்தக் காதைத் தரவே மாட்டான்.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது வேறொன்று. முதல் ஐந்து நாட்கள் ஒரே இடத்தில், ஒரே விரிப்பின் மேல் என் பூனை கஜாவை உட்கார வைத்து, குத்தாமல் காதை மட்டும் பிடித்து, துணி வைத்து, அவனுக்குப் பிடித்த துண்டு ஒன்றைக் கொடுத்து எழுப்பி விட்டேன். ஆறாம் நாள் குத்தியபோது அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் வாரத்தில் விரிப்பை நான் விரிப்பதற்குள் வந்து உட்கார்ந்துவிடுவான்.

ஜூன் 7, பகல் 1.20

அளவு காட்டும் கருவியைப் பற்றி ஒரு குறிப்பு. மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனையின் இரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மனித இரத்தத்தில் குளுக்கோஸின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது, பூனையிலோ ஏறத்தாழ முழுவதும் பிளாஸ்மாவில் இருக்கிறது. மனிதர்களுக்கென்று அளவுதிருத்தம் செய்த கருவி அதைக் கணக்கில் கொள்வதில்லை. ஆல்ஃபாட்ராக் போன்ற விலங்குக் கருவிகள் இதற்காகவே உள்ளன.

எனவே உங்கள் கருவியில் வந்த 61, விலங்குக் கருவியில் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும். அதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். தாழ்வுப் புள்ளி 80க்கும் 150க்கும் இடையில் இருப்பதே நாம் வேண்டுவது; 80க்குக் கீழே போனால் டோஸ் குறைய வேண்டும்; 60க்குக் கீழே அபாயம். கருவி குறைத்துக் காட்டுகிறது என்ற எண்ணத்தில் ஒருமுறை நானே 52ஐ அலட்சியம் செய்தேன். எந்தக் கருவியானாலும் ஒன்றையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். மாற்றினால் குறிப்பேட்டில் அந்த நாளில் கோடு போட்டு எழுதிவையுங்கள்.

ஜூன் 8, இரவு 11.50

அந்த 52ஐப் பற்றிப் பாதியில் நிறுத்தியது சரியல்ல என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சொல்லிவிடுகிறேன்.

கஜாவுக்கு அப்போது வயது 11. தோல் அரிப்புக்காக நீண்டகாலம் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி இரண்டு முறை போட்டிருந்தார்கள்; அடுத்த மூன்று மாதங்களில் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராதவனானான். கருத்தடை செய்த கடுவன், உடற்பருமன், ஸ்டீராய்டு என்று பூனையை நீரிழிவுக்குத் தள்ளும் மூன்றும் அவனிடம் இருந்தன. ஒரு யூனிட்டில் தொடங்கினோம். மருத்துவர் அதை ஒன்றரையாக்கினார். காலை அளவு 350ஐ விட்டு இறங்காததைப் பார்த்து, பத்து நாட்களுக்குள் நான் இரண்டாகவும் பிறகு இரண்டரையாகவும் ஏற்றினேன். நடுவில் ஒரு பகலில் 52 வந்தது. கருவியின் குணம் என்று நினைத்துக்கொண்டு இரவு ஊசியையும் முழுதாகப் போட்டேன்.

நள்ளிரவு 1.40க்குத் தண்ணீர்க் கிண்ணம் உருளும் சத்தம் கேட்டது. அவன் கிண்ணத்தின் அருகில் நின்றிருந்தான். பின்னங்கால்கள் இரண்டும் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன, தலை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பெயரைச் சொல்லி அழைத்தேன், காது திரும்பவில்லை. உணவு டப்பாவைத் தட்டினேன், அதற்கும் திரும்பவில்லை. விளக்கின் நேர் வெளிச்சத்திலும் கண்மணி முழுதும் கறுப்பாக விரிந்திருந்தது. கருவி 31 என்று காட்டியது.

தேனை விரலில் எடுத்து, உதட்டை விலக்கி, ஈறில் தேய்த்தேன். வாய்க்குள் ஊற்றவில்லை; விழுங்க முடியாத நிலையில் இருக்கும் பூனைக்கு ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும், வலிப்பு வந்தால் உங்கள் விரலும் போய்விடும். பத்து நிமிடத்தில் 44. மறுபடி தேய்த்தேன், இருபதாவது நிமிடத்தில் 70. தலை நின்றது. அந்த இடத்தில் பிழைத்தான் என்று எண்ணி உறங்கப் போயிருந்தால் அவனை இழந்திருப்பேன். தேன் கொடுக்கும் ஏற்றம் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், உள்ளே போன இன்சுலினோ இன்னும் ஆறேழு மணி நேரம் வேலை செய்யும். மருத்துவமனைக்கு எடுத்துப் போனோம். பதினெட்டு மணி நேரம் குளுக்கோஸ் ஏற்றி வைத்திருந்தார்கள்.

வீடு திரும்பியவனுக்குக் கண் தெரியவில்லை. கதவு நிலையில் முட்டிக்கொண்டு, அது இன்னதென்று தெரியாமல், அதன் மேலேயே நெற்றியைச் சாய்த்தபடி நின்றான். இரண்டாம் நாள் மாலையில் சுவரில் நகர்ந்த ஒரு நிழலை அவன் தலை தொடர்ந்தபோதுதான் பார்வை திரும்பியது தெரிந்தது. என் மனைவி அந்தச் சுவர் ஓரமாகவே உட்கார்ந்துவிட்டாள்.

சர்க்கரை சில நாட்கள் 300இல் இருந்தால் பூனை தண்ணீர் குடிக்கும், சிறுநீர் கழிக்கும், இளைக்கும். அதைச் சரிசெய்ய நாட்கள் இருக்கின்றன. 30இல் இருந்தால் நிமிடங்கள்தான் இருக்கின்றன.

ஜூன் 9, காலை 6.45

ஊசி தோலைத் துளைத்து மறுபக்கம் வந்து மயிரில் சிந்திவிட்டால், மீண்டும் போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வேளை தவறினால் பெரிதாக எதுவும் ஆகாது, இரண்டு மடங்கு போனால் ஆகும். சிந்தியதா என்ற சந்தேகம் இருந்தால் அந்த இடத்தை முகர்ந்து பாருங்கள்; கிளார்ஜினில் பாதுகாப்புக்காகச் சேர்க்கும் மெட்டாகிரெசால் மருத்துவமனை வாடை அடிக்கும்.

ஜூன் 9, இரவு 9.00

“போட்டாயா, நான் போட வேண்டுமா” என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஒருமுறை பதிலில்லாமல் நின்றது. நானும் மனைவியும் ஆளுக்கொரு நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள். அன்று இருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. போடாமல் விட்டோம், அதுதான் சரி. அதன் பிறகு தினமும் காலையில் இரண்டு காலிச் சிரிஞ்சுகளைக் குளிர்பெட்டியின் மேல் ஒரு குவளையில் வைத்துவிடுவோம். குவளையில் ஒன்று இருந்தால் காலை ஊசி ஆயிற்று, ஒன்றுமில்லாவிட்டால் இரண்டும் ஆயிற்று. குறிப்பேட்டில் எழுத மறந்தாலும் குவளை மறக்காது. மூன்று பேர் பூனையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இது இன்னும் அவசியம்.

ஜூன் 10, மாலை 6.30

சாப்பிடாத வேளையில் என்ன செய்வது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு மருத்துவர் வகுத்துத் தந்த முறை, முதலில் உணவு, அடுத்து அளவு, அதற்கடுத்துத்தான் ஊசி. முழுதும் சாப்பிட்டால் முழு டோஸ். பாதி சாப்பிட்டால் பாதி டோஸ். எதையும் தொடாவிட்டாலோ வாந்தி எடுத்தாலோ ஊசியை நிறுத்திவிட்டு அவரை அழைக்க வேண்டும். ஊசிக்கு முன் அளவு 200க்குக் கீழே இருந்தால், சாப்பிட்டிருந்தாலும் அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். உங்கள் மருத்துவர் வேறு எல்லை சொல்லலாம். தொடங்கும்போதே அந்த எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கேட்க ஆள் கிடைக்காது.

சாப்பிடாமை இரண்டு வேளை நீடித்தால் வேறொரு அபாயமும் உண்டு. இன்சுலின் போதாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன்கள் சேர்ந்து, இரத்தம் அமிலமாகும். வாந்தி, சோர்வு, வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை ஆகியவை அடையாளங்கள். எல்லோராலும் அந்த வாடையை உணர முடியாது; என்னால் முடியாது, மனைவியால் முடியும். சிறுநீரில் நனைக்கும் கீட்டோன் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும். அது நிறம் மாறினால் அன்றே மருத்துவமனை.

ஜூன் 11, காலை 8.10

ஊசிக்குப் பதிலாக வாய்வழி மருந்து கொடுக்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரையும், 2023இல் வெலாகிளிஃப்ளோசின் திரவமும் பூனைகளுக்கு அங்கீகாரம் பெற்றன. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது இவற்றின் வேலை. முன்பு இன்சுலின் பெற்ற பூனைகளுக்கு இவை உரியவை அல்ல என்று அந்த அங்கீகாரமே சொல்கிறது. இரத்தச் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோன் அபாயம் வரக்கூடும் என்பதால் கண்காணிப்பு மிக அவசியம். மிட்டு இன்சுலினில் இருப்பவன்; இது அவனுக்கான வழியல்ல.

ஜூன் 11, இரவு 10.40

இன்சுலின் புட்டியைக் குலுக்கவே கூடாது என்று பேச்சுவாக்கில் ஒருவருக்குப் பதில் சொல்லியிருந்தேன். அது எல்லா இன்சுலினுக்கும் பொருந்தாது, கிளார்ஜினுக்குப் பொருந்தும். தெளிவான நீர் போன்ற மருந்து அது. குலுக்க வேண்டியதில்லை, கலங்கியிருந்தால் எறிந்துவிட வேண்டும். ப்ரோசிங்க் புட்டியை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்ட வேண்டும். கேனின்சுலின், வெட்சுலின் என்னும் பெயர்களில் வரும் பன்றி இன்சுலினை ஒரே சீரான பால் நிறம் வரும்வரை நன்றாகக் குலுக்கச் சொல்கிறது அதன் தாள். குலுக்காவிட்டால் ஒரு நாள் நீர்த்ததும் மறுநாள் அடர்ந்ததும் உள்ளே போகும். யாராவது என் சொல்லை நம்பிக் குலுக்காமல் விட்டிருந்தால் தயவுசெய்து இதைப் படிக்கட்டும்.

கிளார்ஜினை நீர்த்துப்போகச் செய்தும் போடக் கூடாது. புட்டிக்குள் அது அமிலத்தன்மையோடு இருக்கிறது. தோலுக்கடியில் சென்றதும் உடலின் நடுநிலையில் நுண்துகள்களாக உறைந்து, அவை மெல்லக் கரைவதால்தான் பலன் நீடிக்கிறது. வேறு எதைச் சேர்த்தாலும் அந்த உறைதல் கெடும். குளிர்பெட்டியில் வைக்கலாம், உறையறையில் வைக்கக் கூடாது.

ஜூன் 12, மாலை 7.00

உணவை மாற்றப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்ற வேண்டியதுதான், மாவுச்சத்து குறைந்த, புரதம் மிகுந்த ஈர உணவு பல பூனைகளில் இன்சுலின் தேவையையே குறைத்துவிடுகிறது. அதனால்தான் இது ஆபத்தும் ஆகிறது. உலர் உணவிலிருந்து ஒரே நாளில் மாற்றிவிட்டுப் பழைய டோஸையே போட்டால், நேற்று பொருத்தமாக இருந்த யூனிட் இன்று மிகையாகும். டோஸையும் உணவையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். ஏழாம் நாள் கோட்டுப்படம் முடியட்டும். பிறகு மருத்துவரிடம் சொல்லி, பத்து நாட்களில் சிறிது சிறிதாக மாற்றி, அந்தப் பத்து நாட்களும் நடுப்பகல் அளவை விடாமல் எடுங்கள்.

ஜூன் 13, இரவு 8.50

இன்றைய கோட்டுப்படத்தைப் பார்த்தேன். 0 மணி: 318. 2 மணி: 290. 4 மணி: 214. 6 மணி: 148. 8 மணி: 131. 10 மணி: 196. 12 மணி: 287.

இதை நான் மூன்று முறை படித்தேன். முதல் நான்கு நாட்களில் போதவில்லை என்று தோன்றிய அதே ஒரு யூனிட்தான் இது. தாழ்வு 131, அதுவும் எட்டாம் மணியில். இறக்கம் சீராக இருக்கிறது, ஏற்றமும் சீராக இருக்கிறது. காலை எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இன்றும் ஏற்றத்தான் தோன்றியிருக்கும். என் கருத்து, டோஸைத் தொடக் கூடாது. படத்தை அப்படியே மருத்துவருக்கு அனுப்புங்கள்.

அளவுகளைத் தவிர வேறு இரண்டையும் எழுதிவையுங்கள்: ஒரு நாளில் குடிக்கும் தண்ணீரின் அளவு, வாரம் ஒரு முறை எடை. தண்ணீர் குறைவதும் எடை நிற்பதும் எந்தக் கருவியும் தராத சான்று. பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி நடக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். நீடித்த உயர் சர்க்கரையால் நரம்பு தளர்வதால் வருவது அது. கஜாவுக்கும் இருந்தது, கட்டுப்பாடு வந்து சில மாதங்களில் மேசைமேல் மறுபடி தாவினான்.

ஜூன் 14, காலை 9.15

தோலில் ஒட்டும் லிப்ரே சென்சார் பற்றி மருத்துவர் பேசினார் என்றால் யோசிக்கலாம். பதினான்கு நாட்களுக்கானது, பூனையில் அத்தனை நாள் தங்குவது அபூர்வம். கஜாவுக்கு முதலாவது ஆறாம் நாளும் இரண்டாவது ஒன்பதாம் நாளும் கழன்றன. அந்த ஒன்பது இரவுகளில், நாங்கள் ஒருபோதும் அளந்திராத அதிகாலை 3 மணிக்கு அவன் சர்க்கரை எங்கே இருக்கிறது என்பதை முதன்முறையாகப் பார்த்தோம். அது இரத்தத்தை அல்ல, திசுநீரை அளப்பதால், வேகமாக இறங்கும்போது சற்றுப் பின்தங்கும். சென்சார் தாழ்வு காட்டினாலோ பூனையின் நடை மாறினாலோ காதில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஜூன் 15, இரவு 9.30

மிட்டு என்றாவது ஊசியே இல்லாமல் இருப்பானா என்று கேட்டீர்கள். இருக்கலாம். நோய் தெரிந்து ஆறு மாதங்களுக்குள் கிளார்ஜினும் குறைந்த மாவுச்சத்து உணவும் தொடங்கி, வீட்டிலேயே நெருக்கமாக அளவெடுத்த பூனைகளில் 84 விழுக்காடு இன்சுலின் தேவையில்லாத நிலைக்கு வந்ததாகவும், ஆறு மாதங்களுக்குப் பின் தொடங்கியவற்றில் அது 35 விழுக்காடு என்றும் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. அது 55 பூனைகளை மட்டுமே பார்த்த ஆய்வு. அந்த உரிமையாளர்கள் ஒரு நாளில் பலமுறை அளவெடுத்தவர்கள். அந்த எண்ணை நமக்கான வாக்குறுதியாகக் கொள்ளக் கூடாது. ஆயினும் காலம் முக்கியம் என்பதை அது காட்டுகிறது, நீங்கள் காலத்தில்தான் இருக்கிறீர்கள்.

கஜா ஏழாவது மாதத்தில் அரை யூனிட்டுக்கு வந்தான். ஒரு வாரம் ஊசிக்கு முன்பே 110, 96, 104 என்று வந்தபோது மருத்துவர் நிறுத்தச் சொன்னார். பதினான்கு மாதங்கள் ஊசி இல்லாமல் இருந்தான். பிறகு ஈறு நோய் முற்றியபோது சர்க்கரை திரும்பியது. பற்களைச் சரிசெய்து, மறுபடி ஒரு யூனிட்டில் தொடங்கினோம். இம்முறை நான் ஒரு நாளும் அவசரப்படவில்லை. இப்போதும் அந்த ஒரு யூனிட்டில்தான் இருக்கிறான்.

ஜூன் 16, காலை 6.20

உணவு மாற்றத்தை இன்று தொடங்குகிறீர்கள் என்பதால் ஒன்று மட்டும். நேற்றிரவு 204 என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரமாக 280க்குக் கீழே வராத ஊசிக்கு முந்தைய அளவு அது. இன்று காலை 200க்குக் கீழே இருந்தால் ஊசியைக் கையில் எடுக்காமல் மருத்துவரை அழையுங்கள். அவர் கிடைக்கும்வரை போடாமல் காத்திருக்கலாம். தேன் புட்டியைச் சிரிஞ்சுகள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். பகல் 1 மணி அளவையும் 3 மணி அளவையும் எடுத்ததும் இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.